அப்பா திரும்ப மாட்டார் என்பதைப் பிள்ளையிடம் யார் சொல்ல வேண்டும்? – 'தி கிட் வித் எ பைக்' படத்தை முன்வைத்து

தங்கசாலை வாசகன்:

பெல்ஜியம் நாட்டின் தார்தென் சகோதரர்கள் இயக்கிய 'தி கிட் வித் எ பைக்' படத்துக்கு இங்கே தனி இழை இல்லாததால் இதைத் தொடங்குகிறேன். 2011-ஆம் ஆண்டு கான் திரைவிழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரியை ஒரு துருக்கிப் படத்தோடு பகிர்ந்துகொண்ட படம் இது. ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே ஓடும். முடிவு வரை பேசப்போகிறோம் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

சிரில் என்ற சிறுவனைக் குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டு, குடியிருந்த வீட்டையும் காலிசெய்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறார் அவனுடைய தந்தை. அப்பாவின் எண் பயன்பாட்டில் இல்லை என்று தொலைபேசியில் பதிவுக் குரல் சொன்ன பிறகும் சிரில் அதே எண்ணை மறுபடி அழுத்துகிறான். வெறும் சுவர்களைக் கண்ணால் கண்ட பிறகும் அப்பா எங்கோ தனக்காகக் காத்திருப்பதாகவே நம்புகிறான். தன் சைக்கிளை அப்பா விற்றிருக்கவே மாட்டார், எவரோ திருடியிருக்க வேண்டும் என்று வாதாடுகிறான். உண்மையில் அதை விற்றவர் அப்பாதான். முடிதிருத்தும் நிலையம் நடத்தும் சமந்தா என்ற பெண் அந்தச் சைக்கிளை வாங்கியவரிடமிருந்து காசு கொடுத்து மீட்டுத் தருகிறார். பிறகு அவன் கேட்டுக்கொண்டபடி வார இறுதிகளில் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொள்கிறார்.

நான் பேச விரும்புவது ஒரே ஒரு காட்சியைப் பற்றி. தந்தை ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்வதைக் கண்டுபிடித்து இருவரும் போகிறார்கள். தந்தை சிறுவனிடம் பட்டும்படாமலும் பேசிவிட்டு, பிறகு சமந்தாவைத் தனியே அழைத்து, இனி அவனைப் பார்க்கத் தன்னால் முடியாது, அதை நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள் என்கிறார். அவர் மறுக்கிறார். மூடிய கதவைத் தட்டித் திறக்கவைத்து, சிறுவன் எதிரில் நிற்க, அந்த வார்த்தையைத் தந்தையின் வாயாலேயே சொல்லவைக்கிறார். திரும்பி வரும் வழியில் காருக்குள் சிரில் தன் முகத்தைத் தானே பிறாண்டிக்கொண்டு தலையை மோதிக்கொள்கிறான். சமந்தா வண்டியை நிறுத்தி அவனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

அப்பாவைத் தெய்வமாக வைத்திருக்கும் குழந்தைகளைப் பற்றிய படங்களில் நான் பார்த்தவரை இதைவிட நேர்மையான காட்சி வேறில்லை. குழந்தையின் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்லும் பெரியவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு நேரக்கூடிய சங்கடத்திலிருந்தே தப்பிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சமந்தா செய்தது சரி என்பது என் கட்சி. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

காசிமேட்டுப் பெண்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன். காட்சி நேர்மையானது என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. ஆனால் பொய் சொல்லும் பெரியவர்களைப் பற்றிய உங்கள் வாக்கியம் எங்கள் பகுதிப் பெண்களுக்கு நியாயம் செய்யவில்லை.

விசைப்படகில் போகிறவர்கள் ஆழ்கடலில் பல நாட்கள் தங்கித் தொழில் செய்துவிட்டுக் கரை திரும்பி, மீனை ஏலத்தில் விற்று, ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு மறுபடி போய்விடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் எங்கள் பிள்ளைகள் அப்பாவைத் தொடர்ச்சியாகப் பார்க்கும் காலம். முன்பு அதுவும் 45 நாட்களாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு அது வருமானம் நின்றுபோகும் காலம், அரசு நிவாரணத்துக்குக் காத்திருக்கும் காலம். பிள்ளைகளுக்கு அது பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வரும் அப்பா காலம்.

மீதி மாதங்களில் அப்பாவை வீட்டில் வைத்திருப்பவர் அம்மா. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதும், சீட்டுக் கட்டுவதும், எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவெடுப்பதும் அவர்தான். ஆனால் பிள்ளை ஒன்று கேட்டால், "அப்பா வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்" என்பார். முடிவு எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும். அதை அப்பாவின் பெயரில் அறிவிப்பார், அவ்வளவுதான். அப்பா எதையும் மறக்காதவர், எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவர் என்ற நம்பிக்கையோடு நாங்கள் வளர்ந்ததற்குக் காரணம் அப்பா அல்ல. இதைப் பொய் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போனால், சட்டப்படி அவர் இறந்துவிட்டார் என்று கொள்வதற்குப் பொதுவாக ஏழு ஆண்டுகள் கடக்க வேண்டும். அதுவரை அந்த மனைவி விதவையும் அல்ல, கணவன் இருப்பவரும் அல்ல. இறப்புச் சான்றிதழ் இல்லாததால் உதவித்தொகைக்கும் அலைய வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை "அப்பா எப்போது வருவார்" என்று கேட்கும்போது, சர்க்காரே சொல்லத் தயங்கும் ஒன்றை அந்தத் தாய் எப்படித் துணிந்து சொல்வார்? "வருவார்" என்று சொல்லும் அந்தப் பெண்ணைத் தன் சங்கடத்திலிருந்து தப்பிக்கிறவர் என்று என்னால் எண்ண முடியாது.

லோகோ பேரன், பெரம்பூர்:

இருவர் சொல்வதும் வெவ்வேறு அப்பாக்களைப் பற்றி. அக்கா சொல்லும் அப்பா வர விரும்புகிறவர், வர முடியாதவர். படத்தில் வரும் அப்பா பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். பேருந்து ஏறினால் போய்விடலாம். வர விருப்பம் இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் நம் விவாதம் திசைமாறிவிடும்.

படத்தைப் பற்றிச் சில செய்திகள். தார்தென் சகோதரர்கள் பெரும்பாலும் லியேஜ் நகரையொட்டிய செராங் என்ற ஊரிலேயே படமெடுக்கிறவர்கள். நிலக்கரியாலும் இரும்பாலும் வளர்ந்து, ஆலைகள் மூடப்பட்டதால் நலிந்த ஊர் அது. 1996-இல் பி அண்டு சி துணி மில் மூடப்பட்டதைப் பார்த்த பெரம்பூர், புளியந்தோப்புக் குடும்பங்களுக்கு அந்த ஊரைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சங்கு ஊதியவுடன் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வரும் அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை, வீட்டில் இருந்தும் இல்லாத அப்பாக்களைப் பார்த்தது. செராங்கிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

தந்தையாக நடித்திருக்கும் ஜெரமி ரெனியேவை இந்தச் சகோதரர்களின் படங்களில் வரிசையாகப் பாருங்கள். 1996-இல் வெளிவந்த 'லா ப்ரொமெஸ்' படத்தில், தவறு செய்யும் தந்தையோடு பிணைக்கப்பட்டு அவரிடமிருந்து விடுபடத் துடிக்கும் பதின்வயது மகன் அவர்தான். 2005-இல் கான் விழாவின் முதல் பரிசான தங்கப்பனை விருதை வென்ற 'லான்ஃபான்' படத்தில், பிறந்த குழந்தையை விற்றுவிடும் இளைஞனும் அவர்தான். 2011-இல் மகனைக் கைவிடும் அப்பா. மூன்றும் வெவ்வேறு கதைகள், வெவ்வேறு பாத்திரங்கள். ஆனாலும் ஒரே முகம் பதினைந்து ஆண்டுகளில் மகனிலிருந்து தந்தையாக மாறி வருவதைப் பார்க்கும்போது, சிரிலின் அப்பாவை அரக்கனாகப் பார்க்க முடியாமல் போகிறது. அவர் புதிதாக ஒரு வாழ்க்கையைத் தொடங்க நினைக்கிறார், பிள்ளை இருந்தால் அது முடியாது என்று அஞ்சுகிறார். கோழைத்தனம்தான், ஆனால் நாம் அறிந்த கோழைத்தனம்.

இசையைப் பற்றியும் ஒரு சொல். பின்னணி இசையை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவந்த இந்த இயக்குநர்கள், இதில் பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியிலிருந்து சில நொடிகளை மட்டும் சில இடங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிரில் தாங்க முடியாத தனிமையில் இருக்கும்போது அது வரும். ஆறுதல் வரப்போவதைப் போலத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடும்.

ராயபுரம் ஆசிரியை:

அரசுப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நம் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் படத்தின் சைக்கிளுக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியும்; அது பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல்.

தமிழ்நாட்டில் பிள்ளை தன் பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும் முதலில் அப்பாவின் எழுத்தைத்தான் எழுதுகிறது. வருகைப் பதிவேட்டில், தேர்வுத் தாளில், விளையாட்டுச் சான்றிதழில், எல்லாவற்றிலும் அந்த எழுத்து முன்னே நிற்கும். அப்பா வீட்டை விட்டுப் போய் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்த எழுத்து மட்டும் போகாது. என் வகுப்பில் ஒரு மாணவி, தந்தை வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டதால், இனிஷியலை மாற்றிவிடலாம் என்று தாய் விரும்பியபோது பிடிவாதமாக மறுத்துவிட்டாள். தாயின் எழுத்தைப் போட்டால் அப்பா திரும்பி வரும்போது வருத்தப்படுவார் என்று என்னிடம் சொன்னாள். அவள் முட்டாள் பெண் அல்ல, வகுப்பிலேயே கணக்கில் முதலாவதாக வருகிறவள். சிரில் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவள் நினைவுதான் வந்தது. குழந்தை அப்பாவைத் தெய்வமாக வைத்திருப்பது அறியாமையால் அல்ல. அப்பாவின் இடத்தைக் காலியாகாமல் காக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் அதை விடுவிப்பதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலேயே தன் குழந்தைக்குக் காப்பாளராக முடியும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே கடவுச்சீட்டுக்குப் போதும் என்று 2016-இல் விதியைத் தளர்த்தினார்கள். ஆனால் சேர்க்கைப் படிவத்தோடு என் மேசைக்கு வரும் தாய்மார்கள் இன்னும் "தந்தை பெயர்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

தங்கசாலை ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். 'வென் ஃபாதர் வாஸ் அவே ஆன் பிசினஸ்' என்ற யூகோஸ்லாவியப் படத்தை நினைத்துப் பாருங்கள். குஸ்தூரிகா இயக்கி 1985-இல் தங்கப்பனை விருதை வென்றது. சோவியத் தலைவர் ஸ்டாலினோடு யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ முறித்துக்கொண்ட பிறகான காலம். நாளிதழில் வந்த ஒரு கேலிச்சித்திரத்தைப் பற்றி வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தந்தையைத் தொழிலாளர் முகாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிறுவன் மாலிக்கிடம் அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவைக்கிறார்கள். அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் பிள்ளை தெருவில் உளறி, குடும்பமே மாட்டியிருக்கும். எல்லாக் காலத்துக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே விடையை இந்தக் கேள்விக்குத் தேடக்கூடாது என்று நினைக்கிறேன்.

புழல் ஏரிக்கரை:

நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் அல்லன். ஆசிரியை அம்மா "பிள்ளை தெருவில் உளறிவிடும்" என்று எழுதியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு. தெருதான் பிள்ளையிடம் உளறியது.

என் அப்பா கப்பலில் வேலை செய்கிறார் என்று என்னிடமும் தம்பியிடமும் சொல்லியிருந்தார்கள். துறைமுகம் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை நம்புவதில் எந்தச் சிரமமும் இல்லை. நங்கூரமிட்டு வரிசையில் நிற்கும் கப்பல்களில் ஏதாவது ஒன்றைக் காட்டி, "அதுதான்" என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அம்மா மாதத்தில் சில நாட்கள் விடியற்காலையிலேயே கிளம்பிப் போவார். எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை. தண்ணீர் லாரி வந்த ஒரு நாள், குடம் வைக்கும் வரிசையில் எழுந்த சண்டையில், எங்கள் அம்மாவைப் பார்த்து ஒரு பெண்மணி, "மனு பார்க்கப் போகிறவளுக்கு வாய் என்ன கேடு" என்று கேட்டுவிட்டார். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதைத்தான் எங்கள் பக்கம் மனு பார்ப்பது என்பார்கள். எனக்கு அப்போது அந்தச் சொல்லின் பொருள் தெரியும். தம்பிக்குத் தெரியாது, என்னிடம் கேட்டான்.

அப்பா சிறையில் இருந்தது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை. தெரு முழுவதும் அறிந்த ஒன்றை நான் மட்டும் அறியாமல், கப்பலைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதுதான் பல ஆண்டுகள் என்னை விடவில்லை. அம்மாவை நான் குறைசொல்லவில்லை. சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று இன்று யோசித்தால் எனக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒட்டுச் சுவர் வீடுகளில், ஒரே குழாயடியில் வாழ்கிறவர்களுக்கு, சொல்லாமல் காப்பது என்ற வழி உண்மையில் கிடையாது. யார் சொல்வது என்பது மட்டும்தான் மிச்சம். அந்த வகையில் நான் தங்கசாலை ஐயாவின் பக்கம். சமந்தா தெருவை முந்திக்கொள்கிறார்.

'காக்கா முட்டை' 2015-இல் வந்தபோது அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது பீட்சா அல்ல. அந்த இரண்டு பையன்களின் அப்பா சிறையில் இருக்கிறார். அம்மா அவரை வெளியே எடுக்க வக்கீலுக்குக் காசு சேர்க்கிறார். அதை யாரும் மறைக்கவில்லை. பிள்ளைகள் அதோடு வாழ்கிறார்கள், தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்குகிறார்கள், சிரிக்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள். அப்பா சிறையில் இருக்கும் வீட்டைச் சாதாரண வீடாகக் காட்டிய படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காசிமேட்டுப் பெண்:

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. குழாயடியைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் அம்மா இப்போது நலமா?

புழல் ஏரிக்கரை:

நலமாக இருக்கிறார், அக்கா. அப்பாவும் வீட்டில்தான் இருக்கிறார்.

வியாசர்பாடிப் பயிற்சியாளர்:

மாலை நேரங்களில் எங்கள் பகுதிப் பையன்களுக்குக் கால்பந்து கற்றுத் தருகிறேன். படத்தின் இரண்டாம் பகுதியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அப்பா கைவிட்ட பிறகு சிரிலை வெஸ் என்ற உள்ளூர் இளைஞன் கண்டெடுக்கிறான். சண்டையில் அவன் காட்டும் மூர்க்கத்தைப் பார்த்து "பிட்புல்" என்று சண்டை நாயின் பெயரை வைக்கிறான், தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வீடியோ விளையாட்டு ஆடவைக்கிறான், உன்னைப்போல் ஒருவனைத்தான் தேடினேன் என்பதுபோல் நடந்துகொள்கிறான். படுக்கையில் கிடக்கும் பாட்டியைக் கவனித்துக்கொள்கிறவனும் அவனேதான். இந்தப் பாத்திரம் எவ்வளவு சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பது எங்கள் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். வடசென்னையைக் காட்டும் படங்களில் வருகிற அண்ணன்கள் எப்போதும் கத்தியோடும் உரத்த குரலோடும் வருகிறார்கள். பையன்களை இழுக்கும் அண்ணன் அப்படி வருவதில்லை. அவன் "சாப்பிட்டாயா" என்று கேட்டுக்கொண்டுதான் வருவான். அப்பா கேட்காத கேள்வியை அவன் கேட்பதால்தான் பையன் அவன் பின்னால் போகிறான். எங்கள் மண்ணை ரவுடிகளின் மண்ணாக மட்டுமே காட்டும் படங்களின் மேல் எனக்கு உள்ள கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம்: பெற்றோருக்கு அவை தவறான ஆளை அடையாளம் காட்டிக்கொடுக்கின்றன.

வெஸ்ஸின் பேச்சைக் கேட்டு சிரில், செய்தித்தாள் கடைக்காரர் ஒருவரையும் அவருடைய மகனையும் மட்டையால் அடித்துப் பணத்தைப் பறிக்கிறான். அன்று மாலை வீட்டைவிட்டு வெளியேறும்போது, தடுத்த சமந்தாவின் கையைக் கத்தரிக்கோலால் குத்திவிட்டுத்தான் போகிறான். தங்கசாலை ஐயா இதற்கு விடை சொல்ல வேண்டும். உண்மையை அறிந்த பிறகு நடந்தது இது. சிரில் அந்தப் பணத்தைத் தனக்காக வைத்துக்கொள்ளவில்லை.  நேராக அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். "இனி வராதே" என்று வாயால் சொன்ன அதே அப்பாவிடம்! அப்படியானால் சமந்தா சொல்லவைத்த அந்த வார்த்தை என்ன பயனைத் தந்தது?

தங்கசாலை வாசகன்:

பயிற்சியாளரின் கேள்வி இந்த இழையிலேயே கடினமானது. இதற்கு விடை எழுதுவதற்காகப் படத்தை மறுபடி பார்த்தேன்.

முதல் முறை, உணவகக் கதவருகே, அப்பா சொல்வது ஒரு வார்த்தை. சிரில் அதைக் கேட்கிறான். உடல் முழுவதும் கேட்கிறது, அதனால்தான் காருக்குள் அப்படித் துடிக்கிறான். ஆனால் அந்த வார்த்தைக்கு அவன் மனம் ஒரு காரணம் தேடுகிறது. அப்பாவிடம் காசு இல்லை, அதனால்தான் சைக்கிளை விற்றார், அதனால்தான் என்னை வைத்துக்கொள்ள முடியவில்லை என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி பணம் கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆசிரியை அம்மா எழுதிய அந்தப் பொறுப்பு, கைவிடப்பட்ட பிறகும் தொடர்கிறது. இரண்டாம் முறை, அப்பா காவல்துறைக்கு அஞ்சிப் பணத்தையும் ஏற்காமல், பையனையும் மதில் மேல் ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பிவிடுகிறார். அங்கே பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. பணமே கொடுத்தாலும் அப்பாவுக்கு நான் வேண்டாம் என்பதைச் சிரில் அந்த மதிலின் இப்பக்கம் விழுந்தபோதுதான் அறிகிறான்.

அதற்குப் பிறகு அவன் எங்கே போகிறான் என்று பாருங்கள். கத்தரிக்கோலால் குத்திய அதே சமந்தாவிடம் போகிறான், மன்னிப்புக் கேட்கிறான், எப்போதும் உங்களோடு இருக்கலாமா என்று கேட்கிறான். முதல் முறை உண்மையைக் கேட்கவைத்தவர், அந்த உண்மை வேலை செய்யாமல் போன நாட்களிலும் தன் கதவைப் பூட்டவில்லை. இடையில் அவருடைய காதலர், நானா அவனா என்று கேட்டபோது சற்றும் தயங்காமல் அவன்தான் என்று சொன்னவர் அவர். ஆகவே என் கருத்தை இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன். உண்மையைச் சொல்லவைப்பது மட்டும் போதாது. சொன்ன பிறகு வரும் அடியையும் உதையையும் வாங்கிக்கொண்டு கூடவே இருக்கத் துணிந்தவருக்குத்தான் அதைச் சொல்லவைக்கும் உரிமை உண்டு. காசிமேட்டு அக்கா சொன்ன தாய்மார்களுக்கு அந்த உரிமை முழுவதும் உண்டு. எப்போது சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் அதில் அடங்கும்.

லோகோ பேரன், பெரம்பூர்:

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்றை வைக்கிறேன். சத்யஜித் ராயின் 'அபுர் சன்சார்', 1959. மனைவி அபர்ணா பிரசவத்தில் இறந்ததால் கதாநாயகன் அபு தன் மகனை வெறுத்து, ஆண்டுக்கணக்கில் பார்க்காமலேயே இருந்துவிடுகிறான். காஜல் என்ற அந்தப் பிள்ளை தாய்வழித் தாத்தாவின் வீட்டில் முரடாக வளர்கிறான். அப்பா கல்கத்தாவில் இருக்கிறார் என்ற ஒரே செய்தியை வைத்துக்கொண்டு வாழ்கிறான். ஒருநாள் அபு வந்து "நான்தான் உன் அப்பா" என்றதும் காஜல் கல்லை எடுத்து அடிக்கிறான். அவன் மனத்தில் இருக்கும் அப்பா இவ்வளவு அழுக்காக, இவ்வளவு காலம் கடந்து வருகிறவர் அல்லர். கடைசியில் அபு கிளம்பும்போது பையன் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்து, நீ யார் என்று கேட்கிறான். நண்பன் என்கிறான் அபு. அப்பாவிடம் அழைத்துப் போவாயா என்று கேட்டு, அந்த நம்பிக்கையில் அவன் தோளில் ஏறிக்கொள்கிறான்.

இங்கே உண்மையைச் சொல்வது பிள்ளையை விலக்குகிறது. அதைச் சொல்லாமல் விடுவது அவனைச் சேர்த்துவைக்கிறது. அபு வந்துவிட்டான் என்பதால் மட்டுமே அந்தப் பொய்யை நம்மால் தாங்க முடிகிறது என்று நினைக்கிறேன். தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் என்றாவது ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம். வராதவனுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

'தி கிட் வித் எ பைக்' படத்தின் முடிவிலும் ஒரு கல் வருகிறது. கடைக்காரரின் மகன் பழிவாங்கத் துரத்த, மரத்தில் ஏறிய சிரில் கல்லடிபட்டு விழுகிறான். இறந்துவிட்டான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் தன் மகனைக் காப்பாற்றுவதற்காக என்ன பொய் சொல்லலாம் என்று அங்கேயே திட்டமிடுகிறார். இதைக் கவனித்தீர்களா? படம் முழுவதிலும் தன் மகனுக்காக நிற்கும் ஒரே அப்பா அவர்தான், அவர் நிற்பதோ ஒரு பொய்யின் மேல்.

ராயபுரம் ஆசிரியை:

அந்தக் கடைக்காரரை நான் கவனித்திருக்கவில்லை. நல்ல அவதானிப்பு, தம்பி. சிரில் எழுந்து, மருத்துவ ஊர்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சமந்தாவின் வீட்டை நோக்கிச் சைக்கிளை மிதிப்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவைத் தேடுவதற்காகவே அவன் அந்தச் சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தான்; கடைசிக் காட்சியில் அது வீட்டுக்குப் போகும் வண்டியாகிவிட்டது.

பயிற்சியாளர் தம்பிக்கு ஒரு கேள்வி. இந்தப் படத்தை உங்கள் பையன்களுக்குக் காட்டுவீர்களா?

வியாசர்பாடிப் பயிற்சியாளர்:

காட்டலாம் என்றே நினைக்கிறேன், அம்மா. ஆனால் இரண்டு தயக்கங்கள் உண்டு. என் அணியில் அப்பா இல்லாத பையன்கள் சிலர் இருக்கிறார்கள். ஒருவனுடைய அப்பா இருக்கும் தெருவே எல்லோருக்கும் தெரியும், அவர் மட்டும் வருவதில்லை. அந்த உணவகக் காட்சியை அவன் எல்லோர் முன்னிலையிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அவனுக்கு மட்டும் முன்கூட்டியே கதையைச் சொல்லி, வருவதா வேண்டாமா என்று அவனையே முடிவெடுக்கவிடலாம் என்பது என் எண்ணம். இரண்டாவது தயக்கம் மொழி. படம் பிரெஞ்சு, திரையில் கீழே வரும் எழுத்து ஆங்கிலம். பையன்களில் பலருக்கு அந்த வேகத்தில் வாசிக்க வராது.

காசிமேட்டுப் பெண்:

அந்தப் பையனை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னால் மற்றவர்கள் கவனித்துவிடுவார்கள். எல்லோருக்கும் முதல் நாளே கதை முழுவதையும் சொல்லிவிடுங்கள். வர விருப்பம் உள்ளவர்கள் வரட்டும். பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அப்பாவுக்காகக் காத்திருப்பது பையன்கள் மட்டும் அல்ல. அம்மாக்களையும் கூப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. மீன் விற்று வருகிறவர்களுக்குத் தோதாக மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள்.

புழல் ஏரிக்கரை:

மொழிக்கு நான் வருகிறேன். படத்தில் வசனம் குறைவுதான். எழுத்துகளைப் பார்த்து உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வர என்னால் முடியும். உணவகக் காட்சி வரும்போது மட்டும் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன். அப்பா என்ன சொல்கிறார் என்பது சிரிலின் முகத்திலேயே தெரிந்துவிடும். என்றைக்கு என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள்.